எரியாத சீரியல் வயர்: செட்டிநாட்டில் ஓர் இரவு ட்ரோன் படப்பிடிப்பு

பின்னணி

காரைக்குடியில் இருந்துகொண்டு சுற்றுப்பட்டு ஊர்களின் விசேஷ வீடுகளுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில். ட்ரோன் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. கடந்த தை மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஊரில் அறுபதாம் கல்யாணம். எங்கள் பக்கத்தில் சாந்தி என்போம். அந்த வீட்டில் இரவு படம் எடுக்கும்போது என் ட்ரோன் ஒரு வயரில் சிக்கி விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அது விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் முன்பு வரை ஓர் ஆச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஊர், வீடு, ஆட்கள் பெயர் எதுவும் இதில் வராது.

சாந்திக்கு இரண்டு மாதம் முன்பே வீட்டின் மூத்த மகன் சென்னையிலிருந்து போன் செய்தார். பூட்டியே கிடந்த வீட்டை நாலு வருடமாகப் பழுது பார்த்து, சுண்ணாம்புப் பூச்சைப் புதுப்பித்திருக்கிறார்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த வீட்டில் தங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வீடு முழுக்க விளக்குப் போட்டு, மேலிருந்து இரவில் எடுத்துத் தர வேண்டும் என்றார். கூடவே மூன்று ஆசை. வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது திறந்த வானம் வழியாக ட்ரோன் இறங்க வேண்டும். நாதஸ்வரத்தோடு கோவிலுக்குப் போகும் ஊர்வலத்தின் தலைக்கு மேலேயே கூட வர வேண்டும். போகிற வழியில் திருமயம் கோட்டையையும் இரவில் ஒரு சுற்று சுற்றி எடுக்க வேண்டும்.

ஒப்புக்கொண்டதும் மறுத்ததும்

கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அங்கே அவர்களின் அனுமதி இல்லாமல் ட்ரோனைத் தூக்கவே முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஊர்வலத்தையும் மறுத்தேன். கூட்டத்தின் தலைக்கு மேல் நான் பகலிலேயே பறக்க மாட்டேன். போதாததற்கு வாணவேடிக்கை வேறு விடுவார்களாம். பந்தி விஷயத்தில் ஒரு வழி சொன்னேன்: வளவு காலியாக இருக்கும்போது இறக்கி எடுத்துவிட்டு, பந்தியை வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாங்கட்டு மாடியில் நின்று கேமராவில் எடுத்து, இரண்டையும் எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. "மத்தவங்கள்லாம் எடுக்கிறாங்களே அண்ணே" என்றார். எடுக்கிறார்கள்தான். நான் எடுப்பதில்லை என்றேன். சரி என்று விட்டுவிட்டார்.

காகிதங்கள்

என் ட்ரோன் ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. அதற்குத் தனி அடையாள எண் வேண்டும், மூன்றாம் தரப்புக் காப்பீடு வேண்டும். பொழுதுபோக்குக்குப் பறப்பவருக்கு மைக்ரோ வகையில் ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு பறப்பவருக்குத் தேவை. கல்யாண வீட்டில் பறக்கும் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். சான்றிதழ் என்னிடம் இருந்தது, காப்பீடும் நடப்பில் இருந்தது.

ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த ஊர் பச்சை மண்டலம். 120 மீட்டர் உயரம் வரை பறக்க முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மதுரை, திருச்சி விமான நிலையங்கள் இரண்டுமே வெகு தூரம். ஆனால் பச்சை இன்று பச்சையாக இருப்பதால் நாளையும் அப்படியே இருக்கும் என்றில்லை. காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரி, ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். பெரிய தலைவர் யாராவது பக்கத்து ஊர் திருவிழாவுக்கு வந்தாலே போதும். அதனால் புக்கிங் அன்று ஒரு தடவை, முதல் நாள் ஒரு தடவை, தூக்குவதற்கு முன் ஒரு தடவை என்று வரைபடத்தைப் பார்ப்பது வழக்கம்.

இரவு என்பது தனிக் கவலை. 2018ல் வந்த பழைய நெறிமுறையில் பகல் வெளிச்சத்தில், கண் பார்வைக்குள் மட்டுமே பறக்க வேண்டும் என்று இருந்தது. அதைப் படித்துப் பழகியவன் என்பதால், இருட்டில் தூக்குவதென்றால் இன்றைக்கும் நான் யாரிடமும் சொல்லாமல் தூக்குவதில்லை. வீட்டுக்காரரின் எழுத்து ஒப்புதல், பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் தகவல், காவல் நிலையத்தில் நேரம், உயரம், அடையாள எண், என் போன் நம்பர் எல்லாம் எழுதிய கடிதம். ஸ்டேஷனில் உதவி ஆய்வாளர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "ராத்திரியிலயா?" என்றார். எந்தத் தெரு, எந்த நேரம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தக் கடிதம் விதிகளிலிருந்து நமக்கு விலக்கு எதுவும் தந்துவிடாது. ஊரில் யாராவது "வானத்துல என்னமோ சுத்துது" என்று போன் போட்டால் அவர்களுக்குப் பதில் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி.

பகலில் பார்த்தது

சாந்திக்கு முதல் நாள் மாலை 4 மணிக்கு நானும் என்னோடு வேலை பார்க்கும் தம்பியும் போனோம். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு கிழக்கே, பின்கட்டு வாசல் மேற்கே. முன்தெருவில் நிற்பவனுக்குப் பின்கட்டுக்கு மேலே பறப்பது எதுவும் தெரியாது. ஆகவே பின்தெருவில் ஒருவர் போனோடு நிற்க வேண்டும் என்று முடிவானது.

தூக்குகிற இடம் தேடியதே ஒரு மணி நேரம். மொட்டை மாடியில் வைத்து ஆன் செய்ததும் திசைகாட்டியில் கோளாறு என்று ரிமோட் கத்தியது. தளத்துக்குக் கீழே இரும்பு உத்திரங்கள். முன்வாசலில் ஜெனரேட்டர் வண்டி வந்து நிற்கும். கடைசியில் வீட்டுக்கு எதிரே, தெருவைத் தாண்டியுள்ள ஊருணிக் கரை சரியாக அமைந்தது. வடகரை ஆலமரத்தில் கொக்குகள் அடைந்திருந்தன. பறவைகளுக்காகத் தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டி இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கூடடைந்த மரத்துக்கு அடியில் விசிறியைச் சுற்ற விடுவது நமக்கு அழகில்லை. தென்கரைக்கு மாறினோம்.

அளந்து குறித்துக்கொண்டவை: பின்கட்டுத் தென்னை சுமார் 18 மீட்டர், முகப்பு உச்சியிலுள்ள சுதைப் பொம்மை 13 மீட்டர், தெருமுனை மின்கம்பம் 8 மீட்டர், 400 மீட்டர் தள்ளி ஒரு செல்போன் டவர். சிக்னல் போனால் தானாகத் திரும்பும் உயரத்தை 50 மீட்டர் என்று வைத்தேன். முகப்புக்கும் எதிரே நிற்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் 14 மீட்டர் அகலத்துக்கு வெட்டவெளி. நோட்டில் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு "காலி" என்று எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அன்று மாலை

சாந்தி அன்று சூரியன் 6.20க்கு இறங்கியது. 6.30க்கு முதல் தடவை தூக்கினோம். வானம் கருநீலமாகி, சீரியல் விளக்கு எரிய, ஓட்டின் வரிசையும் தென்னையின் ஓலையும் கண்ணுக்கும் தெரிந்துகொண்டிருந்த நேரம். கேமராவின் ஒளி உணர்திறன் (ஐஎஸ்ஓ) 200, ஷட்டர் நொடியில் 50ல் ஒரு பங்கு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 50, 100 கணக்கில் வைத்தால் விளக்குகள் படத்தில் துடிப்பது பெரும்பாலும் அடங்கிவிடும். பதினொரு நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கியது.

6.55க்கு இரண்டாவது பறப்பு. வளவுக்கு நேர் மேலே நிறுத்தி, காலி வளவைப் பார்த்துக் கீழே இறக்கியது. இருட்டில் அடிப்பக்கக் கேமராக்களுக்குத் தரை தெரியாது. தரையைப் பார்த்துத் தன்னை நிலைநிறுத்திக்கொள்கிற வசதி அப்போது வேலை செய்யாது, ஜிபிஎஸ் மட்டுந்தான். நாலு பக்கமும் கூரை சூழ்ந்த வளவுக்குள் இறங்க இறங்க அதுவும் தளர்கிறது. ஓட்டு விளிம்புக்கு மேல் 3 மீட்டர் வந்தபோது ஒரு கை அகலம் பக்கவாட்டில் நகர்ந்தது. அதோடு நிறுத்தி ஏற்றிவிட்டேன். அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

அப்புறம் அரை மணி நேரம் இடைவெளி. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. லென்ஸில் ஈரம் படிவதால் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தோம். காப்பி வந்தது. இந்த அரை மணி நேரத்தில்தான் எனக்குத் தெரியாமல் ஒரு வேலை நடந்து முடிந்தது.

7.40

மூன்றாவது பறப்பு முகப்புக்கு. தரையிலிருந்து 9 மீட்டர் உயரத்தில், வாசலைப் பார்த்தபடி வடக்கிலிருந்து தெற்கே மெதுவாக நகர்ந்துகொண்டே எடுப்பது. வாசலுக்கு முன் 15 மீட்டர் தூரத்துக்குக் கயிறு கட்டி ஆட்களை ஒதுக்கச் சொன்னோம். திண்ணை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சியைத் தம்பிதான் போய் அழைத்தான். "ஆச்சி, ஒரு பத்து நிமிஷம் உள்ள வந்து உக்காருங்க." "இங்கதான் காத்து வருதுப்பா" என்றார். மறுபடி கேட்டதும் நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு எழுந்தார்.

7.48க்கு ட்ரோன் திடீரென்று இடது பக்கமாகச் சாய்ந்தது. ரிமோட் திரையில் வீடு தலைகீழாகச் சுற்றியது. காய்ந்த ஓலையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். திண்ணைக் கூரையின் விளிம்பில் மோதி, ஓடுகளோடு கீழே விழுந்தது. எல்லாம் இரண்டு நொடி. கயிற்றுக்கு உள்ளே யாரும் இல்லை.

உடனே செய்தவை

முதலில் மோட்டாரை நிறுத்தினேன். கயிற்றைத் தாண்டி வர முயன்ற பையன்களைத் தம்பி தடுத்தான். நிமிர்ந்து பார்த்தால் முகப்பின் கைப்பிடிச் சுவரிலிருந்து வேப்பமரத்துக்கு ஒரு கறுப்பு வயர் ஆடிக்கொண்டிருந்தது. பல்புகள் கோத்த சீரியல் வயர். எரியவில்லை. லைட்காரரைக் கூப்பிட்டு மெயினை அணைத்த பிறகே கிட்டே போனோம். வயரின் மேலுறையை இறக்கை வெட்டியிருந்தது. நகக்கண் அளவுக்குச் செம்பு தெரிந்தது.

"அண்ணே, மாலைதான் பெரியவரு வாசலுக்குத் தோரணம் மாதிரி ஒண்ணு இழுக்கச் சொன்னாரு. ஏழு மணிக்கு மேல கட்டினோம். ஜெனரேட்டர் மாத்தினதும் எரிய விடலாம்னு இருந்தோம். உங்ககிட்ட சொல்லணும்னு தோணலண்ணே" என்றார் லைட்காரர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் நான் வீட்டுக்காரரிடம் பேசினேன், பக்கத்து வீட்டில் பேசினேன், ஸ்டேஷனில் பேசினேன். அவரிடம் பேசவில்லை.

பேட்டரி ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது. கட்டட வேலையில் மிஞ்சிய மணல் பின்வாசலில் கிடந்தது. ஒரு இரும்பு வாளியில் மணலைப் போட்டு, அதில் பேட்டரியை வைத்து, வெட்டவெளியில் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அடிபட்ட லித்தியம் பேட்டரி உடனே பற்றாமல் அரை மணி கழித்தும் பற்றலாம். மரமும் துணிப்பந்தலும் உள்ள வீட்டுக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது.

மூத்த மகன் வந்தார். முதலில் யாருக்காவது அடியா என்று கேட்டார். இல்லை என்று தெரிந்ததும், "இன்னொண்ணு வச்சிருக்கீங்கல்ல அண்ணே, அந்த வயரை அவுத்துட்டு ஒரே ஒரு ஷாட்" என்றார். இருந்தது. ஆனால் எனக்குத் தெரியாமல் ஒரு வயர் வந்திருக்கிறது என்றால், இரண்டாவது வயர் இல்லை என்று அந்த இருட்டில் நின்று என்னால் சொல்ல முடியாது. என் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. முடியாது தம்பி, நாளை அந்தியில் வந்து எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "அவர் சொல்றபடி விடுப்பா" என்றார்.

பதிவுகளிலிருந்து தெரிந்தது

மறுநாள் காலை பறப்புப் பதிவையும் காட்சியையும் தம்பியோடு உட்கார்ந்து பார்த்தேன். வேகம் நொடிக்கு 2 மீட்டர். உயரம் சரி. ஜிபிஎஸ் சரி. இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை.

பக்கவாட்டுத் தடை உணரிகள் வெளிச்சம் இல்லாததால் வேலை செய்யவில்லை. அப்படி ஓர் எச்சரிக்கை திரையின் மூலையில் மூன்றாவது பறப்பு முழுக்க இருந்திருக்கிறது. இரவில் அது எப்போதும் இருப்பதால் என் கண் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. மெல்லிய வயர் பகலிலும் அந்த உணரிகளுக்கு எளிதில் தெரியாது என்பது தனிக் கதை.

காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். விளக்குகள் படத்தில் வெறும் வெள்ளையாகிவிடாதபடி எக்ஸ்போஷரை, அதாவது ஒளி பதியும் அளவைக் குறைத்து வைத்திருந்ததால், விளக்கில்லாத எல்லாமே படத்தில் ஒரே கறுப்பு. அந்தக் கறுப்பில் வயர் கரைந்துவிட்டது. விழுவதற்கு முந்தைய எட்டு நொடி நான் வானத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன். வாசலின் இரு பக்கமும் சமமாக வர வேண்டும் என்ற நினைப்பு.

அப்படியானால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவன் தம்பி. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கயித்துக்கிட்ட ஒரு குழந்த வந்துச்சுண்ணே, அதப் பாத்துட்டு மேல பாத்தா ட்ரோன் எங்க இருக்குன்னே தெரியல." ஏன் தெரியவில்லை என்று தேடினோம். காரணம் இரண்டு. பதிவு ஓடும்போது ட்ரோனின் முன்பக்கக் கைகளில் உள்ள முன்கை விளக்குகள் தானாக அணையும்படி ஓர் அமைப்பு இருக்கிறது. லென்ஸில் சிவப்பு அடிக்கக் கூடாது என்று நானே அதைப் போட்டிருந்தேன். அடுத்து, நான் தனியாக ஒட்டியிருந்த மினுக்கு விளக்கு ட்ரோனின் முதுகில் இருந்தது. மேலே வரும் விமானத்துக்கு அது தெரியும். கீழே நிற்கும் என் ஆளுக்கு ட்ரோனின் உடம்பே அதை மறைத்துவிடும். அமெரிக்காவில் 2021 முதல், இரவில் பறக்கும் ட்ரோனுக்கு மூன்று மைல் தூரம் தெரிகிற மினுக்கு விளக்கு கட்டாயம் என்று படித்துவிட்டு வாங்கிய விளக்கு அது. எங்கே ஒட்ட வேண்டும் என்று யோசிக்காமல் ஒட்டினேன்.

கயிற்று வேலையையும் வானத்து வேலையையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தது என் தப்பு. பின்தெருவில் ஒருவரை நிறுத்தத் தெரிந்த எனக்கு, முன்தெருவில் இரண்டு பேர் வேண்டும் என்று தோன்றவில்லை.

பின்விளைவுகள்

விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அடுத்த நாளே இணையத்தில் பதிந்தேன். ஸ்டேஷனுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். சொல்லாமல் விட்டுவிடலாமே என்று தொழிலில் உள்ள நண்பர்கள் சிலர் சொன்னார்கள். ஐம்பது பேர் பார்த்த ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு அடுத்த மாதம் அதே உதவி ஆய்வாளரிடம் கடிதம் கொடுக்க எனக்கு முகம் இருக்காது.

உடைந்தது ஏழு நாட்டு ஓடும், விளிம்பில் கொஞ்சம் சுதையும். வீட்டுக்காரர்கள் பணம் வேண்டாம் என்றார்கள். காப்பீட்டில் கேட்கிற அளவு தொகையும் இல்லை. ஆனால் அந்த அளவில், அந்தப் பழுப்பு நிறத்தில் ஓடு புதிதாகக் கிடைக்காது. காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு கடைக்காரர், இடித்த வீட்டு ஓடு இருக்கும் இடம் சொன்னார். பன்னிரண்டு ஓடு வாங்கிக் கொடுத்து, கொத்தனாரை வைத்து மாற்றிக் கொடுத்தேன். ட்ரோனுக்கு ஒரு கையும் கேமராத் தாங்கியும் போயின.

விளக்குகளை மறுநாளும் அவிழ்க்காமல் வைத்திருந்தார்கள். 6.15க்கே தூக்கி, வெளிச்சம் முழுதாகப் போவதற்குள், 6.38க்கு இறக்கினேன். தோரண வயரின் பல்புகளும் எரிந்தன, இந்தத் தடவை அதன் மேலே ஐந்து மீட்டர் விட்டுப் பறந்தேன். ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது அதில் ஒரு படம். வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போது எடுத்தது. முந்தைய நாள் 7.48 வரை நான் எடுத்ததில் முதல் பறப்புக் காட்சியைத் தவிர எதையும் அவர்கள் கேட்கவில்லை.

மாற்றிக்கொண்டவை

முழு இருட்டில் கட்டடத்துக்குப் பக்கத்தில் தாழப் பறப்பதை விட்டுவிட்டேன். அந்தியில் கிடைக்கும் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கிட்டக் காட்சிகளை முடித்துவிடுவேன். அதற்குப் பிறகு தூக்கினால் அங்குள்ள உயர்ந்த பொருளுக்கு மேலே பத்து மீட்டராவது விட்டு, அகலக் காட்சி மட்டும். இதைப் புக்கிங்கின்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு வேலை கைவிட்டுப் போயிருக்கிறது.

பகலில் பார்த்த இடத்தை, தூக்குவதற்கு முன் டார்ச் அடித்து மறுபடி நடந்து பார்க்கிறோம். ஒவ்வொரு பறப்புக்கும் முன்பு. காப்பி குடித்துவிட்டு வந்தாலும் நடக்க வேண்டும். லைட்காரர், பந்தல்காரர், மைக்செட்காரர், வாணம் விடுகிறவர் நாலு பேரையும் நிறுத்தி, வானத்தில் கட்டியது என்ன, இனிமேல் கட்டப்போவது என்ன என்று கேட்கிறேன். வானத்தைப் பார்க்கிறவனுக்கு வேறு வேலை கிடையாது. அவன் "நிறுத்து" என்றால் படம் எப்படி இருந்தாலும் நான் நிறுத்த வேண்டும். அவன் போனைக்கூட எடுக்கக் கூடாது, திரை வெளிச்சத்தில் கண் கூசினால் இருட்டுக்குப் பழக மறுபடி இருபது நிமிடம் ஆகும். மினுக்கு விளக்கு இப்போது முதுகில் ஒன்று, வயிற்றில் ஒன்று. முன்கை விளக்கை அணைப்பதில்லை. கொஞ்சம் சிவப்பு அடித்தால் அடிக்கட்டும்.

வைகாசியில் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். அதே லைட்காரர். மாலை 5.50க்கு அவரே போன் செய்தார்: "அண்ணே, வளவுக்குக் குறுக்கால ஒரு லைன் இழுக்கச் சொல்றாங்க, வந்து பாத்துட்டுப் போறீங்களா?" போய்ப் பார்த்தேன். வளவுக்குள் இறங்கும் காட்சியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, மணப்பெண்ணின் அப்பாவிடம் காரணத்தைச் சொன்னேன்.